குணம் புதைத்த துவக்குகள்

கடைத்தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு, உங்கள் சங்கச் செயலாளர் என்னிடம் கொள்முதல், இருப்பு, குளிர்பெட்டிப் பராமரிப்பு பற்றி எழுதித் தரும்படி கேட்டார். அதையெல்லாம் உங்களில் பாதிப்பேர் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாத்தியாருக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை, இருவரும் சமாதானமாகப் பிரிந்தோம். பிறகு லண்டனுக்கு வந்து மூன்று கடை வைத்தேன். மூன்றும் நிலைத்து நின்றன. அந்த வாத்தியாரின் மகன்கூட என்னிடம் கொஞ்சக் காலம் வேலை செய்தான். நல்ல பையன், கணக்குத்தான் வராது.

அரிசி எங்கே மலிவு என்று சொல்ல உங்களுக்கு நூறு பேர் கிடைப்பார்கள். கடைக்குள் ஒரு அதிகாரி வந்து நிற்கும்போது வாயை எந்த நேரத்தில் திறப்பது, எந்த நேரத்தில் மூடுவது என்று சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

இது தெற்கு லண்டனில் டூட்டிங், கோலியர்ஸ் வுட் வட்டாரத்தில் எனக்கு இரண்டு கடை இருந்த காலத்துக் கதை. பெரிய கடை ஒரு கவுன்சிலுக்குள், அதாவது ஒரு நகரசபை எல்லைக்குள், சின்னக் கடை அடுத்த கவுன்சிலுக்குள். நடந்தே போய் வரலாம். எது எந்தக் கவுன்சில் என்று எழுதமாட்டேன். இரண்டு கவுன்சில்காரரும் இன்னும் என்னுடைய கடையில்தான் மதியச் சாப்பாடு வாங்குகிறார்கள்.

உண்மையானதைப் போலத் தோற்றமளிக்கும் விளையாட்டுத் துவக்கை, அதாவது துப்பாக்கியை, இனி விற்கக் கூடாது என்று பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்த சமயம் அது. கறுப்பு, சாம்பல், வெள்ளி நிறமெல்லாம் போயிற்று. பளிச்சென்ற நிறத்தில் இருந்தால் விற்கலாம், அதுவும் வயதுவந்தவர்களுக்கு மட்டும். உங்களுக்கு ஏன் இந்த வம்பு என்று கேட்பீர்கள். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத் தீபாவளி என்றால் புது உடுப்பு, கோயில், அடுத்த நாள் ஆட்டிறைச்சி. துவக்குச் சத்தம் கேட்பதற்குக் காசு கொடுக்க எங்களில் யாரும் தயாராக இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து கணினி வேலைக்கு வந்த குடும்பங்கள் நிறைய அப்போது அந்தப் பக்கம் குடியேறியிருந்தன. ஐப்பசி பிறந்தால், "அண்ணே, கேப் துப்பாக்கி வந்துருச்சா?" என்று ஆண்களும் பெண்களும் வரிசையாக வந்து கேட்பார்கள். சுருள் கேப்பை உள்ளே வைத்துப் படபடவென்று வெடிக்காவிட்டால் அவர்களுக்குத் தீபாவளி இல்லை.

சட்டம் வரப்போகிறது என்று காதில் விழுந்த உடனேயே நான் பிங்க், பச்சை, மஞ்சள் நிறத்தில் செய்கிற ஒருவரைப் பிடித்துவிட்டேன். மற்றக் கடைக்காரர்கள் கறுப்புத் துவக்குகளை வைத்துக்கொண்டு முழித்தார்கள். ஒருவர் அமெரிக்காவில் நுனியில் மட்டும் செம்மஞ்சள் பூசினால் போதுமாம் என்று எங்கேயோ கேட்டுவிட்டு, நகப்பூச்சு வாங்கி உட்கார்ந்து பூசினார். இங்கே அது செல்லாது என்று நான் சொன்னேன். பூசி முடித்த பிறகுதான் சொன்னேன். அவர் என்னிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

நியூ ஜெர்சியில் பெட்ரோல் நிலையம் நடத்தும் என் மச்சான் இதைக் கேட்டுத் தொலைபேசியில் சிரித்தான். "அத்தான், நீங்கள் விளையாட்டுத் துவக்குக்கு இந்தப் பாடு படுறியள். இங்க உண்மையான கைத்துவக்குக்கே ரெண்டு அரசாங்கம். துவக்கில இன்ன பாதுகாப்புப் பூட்டு இருக்க வேணுமெண்டு மாநிலம் ஒரு சட்டம் போடும். மத்திய அரசு கேட்காததை நீ எப்பிடிக் கேட்பாயெண்டு துவக்குக்காரன் வழக்குப் போடுவான். ஆர் பெரிசெண்டு தெரியிறதுக்குள்ள எனக்கு மீசை நரைச்சுப் போச்சு" என்றான். இங்கிலாந்து சின்ன நாடு, எங்களுக்கு ஒரே அரசாங்கம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். வாய் மூடி ஒரு மாதம் ஆகவில்லை, கவுன்சில் வந்தது.

வந்தவர் மெலிந்த, மரியாதையான ஒரு வெள்ளைக்காரர். கவுன்சிலில் கடைகளைச் சோதிக்கிற வர்த்தகத் தரப் பிரிவு. அந்தப் பகுதியில் இளைஞர்களுக்குள் சண்டைகள் நடந்து கவுன்சில் கவலையில் இருந்தது. அது நியாயமான கவலை. அதற்காக அவர்கள் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். நிறம் மட்டும் போதாது. ஒவ்வொரு விளையாட்டுத் துவக்கின் குழாய் வாயிலும் சிவப்பு அடைப்பு இருக்க வேண்டும், கைப்பிடியில் இது விளையாட்டுப் பொருள் என்று எழுதிய துண்டு ஒட்டியிருக்க வேண்டும். சம்மதிக்கும் கடைக்காரருக்குக் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர். பெரிய கடையில் நான் இல்லாத நேரம் அவர் வந்து, கடை மனேஜர் குணத்திடம் சொல்லி, ஸ்டிக்கரை ஒட்டிவிட்டும் போய்விட்டார்.

குணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வன்னியில் ஒவ்வொரு ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் லண்டன் வந்து, அகதியாக ஏற்கப்பட்டவன். என்னிடம் மூட்டை இறக்க வந்து மனேஜர் ஆனான். நான்தான் ஆக்கினேன், ஆனால் அவனும் உழைத்தான். சிகரெட் வாங்க வருகிற பொடியளிடம் புலிபோல நிற்பான். அதிகாரி என்று யாராவது கழுத்தில் அட்டை தொங்கவிட்டு வந்தால் போதும், "ஓம், ஓம்" என்று தலையாட்டத் தொடங்கிவிடுவான். அவனுடைய குடியுரிமை விண்ணப்பம் அப்போது உள்துறை அமைச்சில் கிடந்தது. தாய் சென்னையில், கண் சரியாகத் தெரியாமல் இருந்தா. அகதிப் பத்திரத்தோடு கேட்ட இந்திய விசா மறுக்கப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தால் போய்ப் பார்க்கலாம் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே கணக்கு. பொலிஸில் சின்னப் பதிவு ஒன்று விழுந்தாலும் அந்த விண்ணப்பம் விழுந்துவிடும் என்று அவனுடைய வக்கீல் சொல்லியிருந்தார். ஆகையால் குணம் சிவப்பு விளக்கில் நடந்துகூடத் தெருவைக் கடக்கமாட்டான்.

துவக்குகளை அவன் கையால் தொடமாட்டான். பெட்டியோடு தட்டில் கவிழ்த்துக் கொட்டுவான். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இப்போது அடைப்பு விஷயம். துவக்கு துவக்காக அடைப்பு வைக்க நான் கடை நடத்தவில்லை. என் வாடிக்கையாளர் ஒரு அம்மா இருந்தா. மலேசியாவில் பிறந்தவ, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவ, வேறொரு கவுன்சிலின் சட்டப் பிரிவில் வேலை. பெயர் எழுதினால் அவவுக்குப் பிடிக்காது. சாமான் கட்டிக் கொடுக்கும்போது அவவிடம் கேட்டேன்.

"அண்ணே, அவர் சொன்னது மஸ்ட்டா, ப்ளீஸா?" என்று கேட்டா.

"விளங்கேல்லை."

"கவர்மென்ட் போட்ட சட்டம், மஸ்ட். கலர் இல்லன்னா கோர்ட்டுக்கு இழுக்கலாம். கவுன்சிலுக்கும் அந்தச் சட்டத்தைப் பார்த்துக்கிற வேலை இருக்கு. ஆனா சட்டத்துல இல்லாத அடைப்பை, அவங்களா சேர்த்து மஸ்ட்டுன்னு சொல்ல முடியாது. கேட்டுக்கலாம். ப்ளீஸ்."

"அப்ப ஸ்டிக்கரைக் கிழிக்கட்டோ?"

"ஐயோ, சண்டை போடாதீங்க அண்ணே. அவங்க கேக்குறதுல நல்ல எண்ணம் இருக்குல்ல. சரக்கை இன்னொரு கடைல வச்சு வித்துட்டுப் போங்களேன். கருவேப்பிலை இன்னும் ஒரு கட்டு போடுங்க."

சட்ட ஆலோசனைக்கு லண்டனில் மணிக்கணக்கில் அறவிடுவார்கள். எனக்குக் கருவேப்பிலையோடு முடிந்தது.

நான் சண்டைக்காரன் இல்லை. அடுத்த கவுன்சிலுக்கு அடைப்புப் பற்றிய எண்ணமே இல்லாதபடியால், துவக்குகளை அங்கே இருந்த சின்னக் கடைக்கு மாற்றத் தீர்மானித்தேன். குணத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கவுன்சில்காரர் மத்தியானம் பெரிய கடைக்கு வாறாராம், பாக்கிறதுக்கு. துவக்குகளைத் தட்டில இருந்து எடுத்து வையும். நான் பின்னேரம் வான் கொண்டு வந்து ஏத்துறன்."

"பாக்க வருகினமோ அண்ணை? என்னத்தைப் பாக்க?"

"துவக்கைத்தான். வேறை என்னத்தை?"

"ஓம் அண்ணை" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் கவனித்தேன், ஆனால் கருவாட்டுப் பெட்டி வந்துகொண்டிருந்தது.

மத்தியானம் பெரிய கடையில் டில்லில், அதாவது கல்லாவில், நிற்கிற பெண் பிள்ளை அழைத்தாள். "அங்கிள், உடனே வாங்கோ. பொலிஸ் வந்திருக்கு. ரோட்டெல்லாம் குளோஸ்ட்."

"கவுன்சில் எங்கை?"

"கவுன்சிலும் நிக்கிறார். பொலிஸ் அவரையும் உள்ளுக்கு விடுகினமில்லை. அங்கிள், அவை கன் வச்சிருக்கினம். ரியல் கன்."

நடந்த விஷயம் இதுதான். நான் தொலைபேசியை வைத்ததும், குணம் துவக்குகள் எல்லாவற்றையும் இரண்டு அரிசிப் பைகளில் போட்டான். கடையின் பின்பக்கத்தில் மண்வெட்டி எடுத்து, பட்டப்பகலில் குழி வெட்டிப் புதைத்தான். மேல்மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், ஒரு மனிதன் பையிலிருந்து கைத்துப்பாக்கிகளைக் குழிக்குள் கொட்டிப் புதைக்கிறான் என்று பொலிஸுக்கு அறிவித்தார். மாலை வெயில் கண்ணில் அடித்ததால் நிறம் தெரியவில்லை என்று பிறகு சொன்னார். மத்தியானத்தில் மாலை வெயில் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் வாடிக்கையாளர்தான்.

தம்பி தங்கைமாரே, இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். "பார்க்க வருகிறார்கள்" என்று கேட்டால் எங்களில் ஒரு தலைமுறைக்குக் கை தானாக மண்வெட்டிக்குப் போகும். ஊரில் யுத்தம் நடந்த காலத்தில் நகையை, படத்தை, தடைசெய்யப்பட்டிருந்த பேட்டரியை, மண்ணெண்ணெயைக்கூடப் புதைத்துவிட்டு உயிரோடு தப்பியவர்கள். குணம் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் பிங்க் நிறத் துவக்கை எவன் புதைப்பான்?

நான் போய்ச் சேர்ந்தபோது, தெருவில் பஸ் நின்றிருந்தது. முதலாளி என்று சொல்லி உள்ளே போனேன். பின்பக்கத்தில் குணம் முழங்காலில் நின்றான். கை இரண்டும் தலைக்குப் பின்னால். அப்படி நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையாம். எழுந்து நில்லுங்கள் என்றுகூடச் சொன்னார்களாம், அவன் எழும்பவில்லை. பொலிஸ்காரர் ஒருவர் குழியைத் தோண்டி ஒவ்வொன்றாக வெளியில் எடுத்து வைத்தார். பச்சை. மஞ்சள். பிங்க். பிங்க். பச்சை. ஆயுதத்தோடு நின்றவர்கள் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வாகனத்துக்குத் திரும்பிவிட்டார்கள். மிஞ்சியது பெண் சார்ஜன்ட் ஒருவர், ஒரு பொலிஸ்காரர், கவுன்சில்காரர், குணம், நான்.

"குணம், எழும்பும்" என்றேன். எழும்பினான்.

சார்ஜன்ட்டுக்குக் கோபம். நியாயமான கோபம். தெருவை மூடி, பஸ்ஸை நிறுத்தி, ஆயுதப் பிரிவைக் கூப்பிட்டு, கடைசியில் கிடைத்தது தீபாவளிச் சாமான். அவர் கவுன்சில்காரரிடம் கேட்டார், "இவை சட்டப்படி விற்கக்கூடியவையா?"

"இந்தப் பகுதியில் அடைப்பு இல்லாமல் விற்பது அனுமதி இல்லை" என்றார் கவுன்சில்காரர்.

"ஆகவே, விற்கக் கூடாத பொருளை இவர் மறைத்திருக்கிறார்." சார்ஜன்ட் குணத்தின் பக்கம் திரும்பினார். குரலை இறக்கி, நல்ல மனதோடுதான் சொன்னார். "இதைப் பெரிதாக்க வேண்டாம். பிழை என்று ஒத்துக்கொண்டு ஒரு எச்சரிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள். நீதிமன்றம் இல்லை, தண்டனை இல்லை. இங்கேயே முடித்துவிடலாம்."

"யெஸ்" என்றான் குணம். "யெஸ், யெஸ். சொறி."

அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டால் அது பதிவு. பதிவு என்றால் விண்ணப்பம் போயிற்று. சென்னையும் போயிற்று. சார்ஜன்ட் பேனாவை எடுத்துவிட்டார். தம்பிமாரே, இந்த இடத்தில்தான் மனிதன் பிழை விடுவான். அதிகாரி கோபமாக நிற்கும்போது பிழை விடமாட்டோம், எதிர்த்து நிற்போம். அதிகாரி இரக்கப்பட்டு ஒரு குறுக்குவழி காட்டும்போது, நன்றியில் கண் கலங்கிக் கையை நீட்டிவிடுவோம்.

"குணம், வாயை மூடும்" என்றேன்.

"அண்ணை, முடிஞ்சிடும் எண்டு சொல்லுறா."

"அவவுக்கு முடியும். உமக்குத்தான் தொடங்கும். ஒரு சொல்லும் கதைக்காதையும்."

பிறகு சார்ஜன்ட்டைப் பார்த்தேன். என்னுடைய ஆங்கிலத்தைக் குறை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆங்கிலத்தில்தான் மூன்று கடையும் வாங்கினேன். அந்த ஆங்கிலத்திலேயே சொன்னேன்: மேடம், உங்களுக்கு வீண் அலைச்சல், அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் இவர் எதையும் ஏற்றுக்கொள்ள முன்னம், கவுன்சில் ஐயாவிடம் எனக்கு ஒரு கேள்வி.

சார்ஜன்ட் தலையசைத்தார். நான் கவுன்சில்காரரிடம் திரும்பினேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று காட்ட முதலில் கையைக் கொடுத்தேன். அவரும் கொடுத்தார்.

"பாராளுமன்றத்துச் சட்டத்தில் நிறம் இருக்கிறது. இவைகளுக்கு நிறம் சரியா?"

குனிந்து பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்து மண்ணைத் தட்டினார். "சரி."

"அடைப்பு அந்தச் சட்டத்தில் இருக்கிறதா?"

"அது எங்களுடைய உள்ளூர்த் திட்டம்."

"நல்லது. அடைப்பு இல்லாமல் நான் விற்றால் என்னை எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவீர்கள்?"

அவர் கையிலிருந்த துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். சார்ஜன்ட் அவரைத்தான் நம்பியிருப்பார், என்னை இல்லை. நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இருபது வருஷம் டில்லில் நின்ற முகம்.

"நீதிமன்றம் இல்லை" என்றார் கடைசியில். "அது ஒரு வேண்டுகோள். மீறினால் ஸ்டிக்கரைத் திருப்பி எடுத்துக்கொள்வோம்."

"ஸ்டிக்கரா?" என்றார் சார்ஜன்ட்.

"ஜன்னலில் ஒட்டுவது" என்றார் கவுன்சில்காரர்.

சார்ஜன்ட் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிங்க் துவக்கைப் பார்த்தார். பிறகு குணத்திடம், "அப்படியென்றால் இவற்றை ஏன் புதைத்தீர்கள்?" என்று கேட்டார். அதிகாரி கேட்பதுபோல இல்லை, அறிய ஆசைப்பட்டுக் கேட்பதுபோல இருந்தது.

குணம் என்னைப் பார்த்தான். சொல்லும் என்று நான் கண்ணைக் காட்டினேன்.

"துவக்குப் பாக்க வருகினம் எண்டு அண்ணை சொன்னவர்" என்றான். "எங்கட ஊரில துவக்குப் பாக்க வாறவை, நிறம் பாக்கிறேல்லை."

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சார்ஜன்ட் பேனாவைச் சட்டைப் பையில் வைத்தார். தன் சொந்த நிலத்தில் தன் சொந்த விளையாட்டுச் சாமானைப் புதைப்பது குற்றம் என்று தனக்குத் தெரிந்த சட்டம் எதுவும் இல்லை என்றார். உண்மையில் நிலம் என்னுடையது, சாமானும் என்னுடையது, ஆனால் நான் திருத்தவில்லை. வாயை எப்போது மூடுவது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இந்த இடம். போகும்போது அவருக்கும் மற்றப் பொலிஸ்காரருக்கும் ஆளுக்கு இரண்டு மீன் ரோல்ஸ் கட்டிக் கொடுத்தேன். சார்ஜன்ட் காசு கொடுக்காமல் வாங்கமாட்டேன் என்றார். காசை வாங்கிக்கொண்டேன்.

கவுன்சில்காரர் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனார். மூலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரவில்லை. நான் உதவி செய்தேன்.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, அதிகாரியை எதிர்க்க வேண்டும் என்பதில்லை. மூன்று கடை வைத்த எனக்குத் தெரியும், அதிகாரியை எதிர்த்தவன் ஒரு கடையும் வைக்கமாட்டான். அவருக்குப் பின்னால் நிற்பது யார் என்று கேளுங்கள். பாராளுமன்றமா, கவுன்சிலா, அவருடைய சொந்த அபிப்பிராயமா என்று, கையைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். நேர்மையான ஆள் என்றால் பதில் சொல்வார். அன்றைக்கு நின்றவர் நேர்மையான ஆள். அவர் சொல்லியிராவிட்டால் நான் இவ்வளவு கெட்டிக்காரனாக இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

பொலிஸார் தோண்டிய குழி அப்படியே கிடந்தது. மூடச் சொன்னேன். குணம் மூடவில்லை. "அவை வெட்டினது அண்ணை. நாங்கள் மூடினா, ஏன் மூடினனியள் எண்டு கேப்பினம்" என்றான். மழை வந்து தண்ணீர் நின்றது. சரக்கு இறக்குகிறவர்கள் சுற்றிப் போனார்கள். பலகை ஒன்றைப் போட்டேன், அவன் எடுத்துவிட்டான். குளிர்காலம் முழுக்க அந்தக் குழியோடு கடை நடந்தது. அந்தத் தீபாவளிக்குச் சின்னக் கடையில் துவக்கு விற்றேன். அடைப்பு இல்லாமல்.

அடுத்த கோடையில் குணத்துக்குக் குடியுரிமை வந்தது. உள்துறை அமைச்சு தருகிறதை அந்தந்தக் கவுன்சில்தான் மண்டபத்தில் விழா வைத்துக் கையில் கொடுக்கும். ஆர் பெரிசு என்று மச்சானைப்போல நான் அன்றைக்குக் கேட்கவில்லை. விருந்தினராக என்னைக் கூப்பிட்டிருந்தான். கோட் சூட், புதுச் சப்பாத்து. உறுதிமொழியை மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னான். பத்திரத்தைக் கொடுத்த பெண்மணி கொஞ்சம் பின்னுக்குப் போனார்.

அன்றைக்கு விடுமுறை எடுக்கச் சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. கடைக்கு வந்து நேரே பின்பக்கம் போனான். கோட்டைக் கழற்றி வெங்காய மூட்டைமேல் மடித்து வைத்தான். மண்வெட்டியை எடுத்துக் குழியை மூடினான். காலால் மிதித்து மட்டமாக்கினான். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றான்.

"அண்ணை, பாஸ்போர்ட் வந்த உடனை சென்னைக்குப் போறன். தீபாவளிக்கு முந்தி வந்திடுவன். நான் இல்லாத நேரம் துவக்குக்கு ஓடர் குடுக்கிறதெண்டா பச்சையைக் கூடப் போடுங்கோ. பிங்க் விலைப்படேல்லை."